வெளியாக்களுக்குப் போட்ட விலை

ஒரே நெற்றிச்சுட்டியை நூறு பேருக்குக் கொடுத்துக் காசு வாங்க வேண்டும், கடைசியில் அது நம்மிடமே இருக்கவும் வேண்டும்: நகை வாடகைத் தொழில் என்பது இவ்வளவுதான்.

பரதநாட்டிய உடுப்பும் நகையும் நாள் வாடகைக்குக் கொடுக்கிறவள் நான். கல்லெல்லாம் கண்ணாடி, பொன்னெல்லாம் பூச்சு. கொழும்பு ஜிந்துப்பிட்டிக் கோயில் திருவிழாவில் வளையல் தட்டோடு தொடங்கினேன். பள்ளிக்கூடம் என்னை எட்டாம் வகுப்போடு விட்டுவிட்டது. மிச்சப் பாடத்தை மெயின் ஸ்ட்ரீட் மொத்தக் கடைக்காரர்கள் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் எனக்குப் பேரம் வரும். கோபம் அதைவிடக் கெதியாக வரும்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையொன்றில் கடை வைத்திருந்தேன். கட்டடத்தை இடித்து மாடிவீடுகள் கட்டப் போகிறோம், எழும்புங்கள் என்றார்கள். வேறு இடம் தேடினால், கேட்ட வாடகைக்கு என்னிடம் இருந்த நகை முழுவதும் நிஜத் தங்கமாக இருந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் என் வீட்டு மேல்மாடிக்கு வந்துவிட்டேன். வெள்ளவத்தை அம்மாமார் லண்டனுக்குப் போய் வருவார்கள், கொட்டாஞ்சேனைக்கு வரமாட்டார்கள். மெயின் ஸ்ட்ரீட்டில் கலியாண நகை வாடகைக்கு விடுகிற முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருக்கிறார், நாநா என்றுதான் கூப்பிடுவேன், என்னோடு நெடுநாள் பழக்கம். "மொத்தமா எனக்கே தந்திடுங்க தங்கச்சி" என்று ஒரு விலை சொன்னார். வெப்சைட் ஒன்று போட்டுப் பார்க்கிறேன், வருஷக் கடைசிக் கலைவிழாக்கள் முடிவதற்குள் அது தன் செலவையும் தூக்கி எனக்கும் ஏதாவது தராவிட்டால் அத்தனை செட்டும் உங்களுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தேன். குறைந்த காசில் வெப்சைட் வைத்து அதிலே கஞ்சி குடிக்கப் பார்க்கிற என் போன்ற பாவப்பட்டவர்களுக்காக, அதற்குப் பிறகு பட்டதைச் சொல்கிறேன்.

பாதி விலை

முதலில் போனது கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கம்பனிக்கு. ஏசியில் இருத்தி, கோப்பி தந்து, ஒரு தொகை சொன்னார்கள். கோப்பியைக் கீழே வைத்தேன். "இவ்வளவு சல்லிக்கு என்ன தருவீங்க? கையில தூக்கிட்டுப் போகலாமா?" என்று கேட்டேன். டை கட்டியவர் அழகாகச் சிரித்தார். சிரிக்கிறவரோடு பேரம் பேச முடியாது. எழும்பி வந்துவிட்டேன்.

பிறகுதான் ஹெவ்லொக் டவுன் சுகந்தியைப் பிடித்தேன். ஒரு காலத்தில் தன் தங்கச்சிக்கு என்னிடம் உடுப்பு எடுத்தவள். கம்பனி வேலையை விட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, சின்னக் கடைகளுக்கு வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து கொடுக்கிறாள். அவள் சொன்ன விலை நியாயம்தான். நியாயமான விலையைப் பேசக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? பாதியைக் கேட்டேன். முகத்தைத் தூக்கினேன். கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினேன். எனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் காட்டி முடிக்கும் வரை, இடுப்பில் சின்னவனோடு அசையாமல் நின்றாள். பிறகு, "செய்யலாம் அக்கா" என்றாள். வென்றுவிட்டேன் என்று நினைத்த நேரத்தில் மிச்சத்தைச் சொன்னாள்: "பாதி விலைக்குப் பாதி வெப்சைட் தருவன். நீங்கள் ஒட்டியாணத்தையும் ஜடையையும் எடுத்து வைச்சிட்டு, இந்தாங்கோ முழு செட் எண்டு குடுப்பீங்களோ?"

தலை இல்லாத பொம்மை

அவள் விலைக்கே முடிந்தது. அந்தச் சூட்டில், படம் எடுக்க ஒரு சதமும் செலவழிப்பதில்லை என்று நின்றேன். பக்கத்து வீட்டு றமீசாதான் என் உடுப்புகளைத் தைப்பவள், கிழிந்ததைப் பொருத்துபவள். அவளிடம் துணி போர்த்திய தையல் பொம்மை ஒன்று உண்டு. பதக்கம், ஒட்டியாணம், கை வங்கி எல்லாம் அதில் அளவாக நின்றன. ஆனால் பொம்மைக்குத் தலை கிடையாது. தலைச்சாமானை எதில் பூட்டுவது? றமீசாவைப் பார்த்தேன். "அல்லாவே, என்ட மூஞ்சை இன்டர்நெட்ல போட்டா எங்கட மனிசன் என்னை வீட்டுக்குள்ள எடுப்பாரா?" என்று தையல் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

குசினியில் உரிக்காத தேங்காய் ஒன்று கிடந்தது. அதைக் கொண்டுவந்து பொம்மையின் கழுத்தில் இருத்தினேன். பொச்சு மட்டையில் ஊசி நன்றாக ஏறியது. நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி எல்லாம் எங்கள் தலையில் நிற்பதைவிட அதில் ஒழுங்காக நின்றன. மொட்டையாக இருக்கிறதே என்று நான் பொட்டு வைத்தேன். றமீசா மை எடுத்துக் கண்ணும் புருவமும் எழுதினாள். படத்தைப் பார்த்த சுகந்தி, இது தேங்காயோ அக்கா என்று போனில் இரண்டு தரம் கேட்டாள். காசு இல்லையென்று தெரியும், அதனால் போட்டுவிட்டாள். வெப்சைட் திறந்த அன்றே ஓர் அழைப்பு வந்தது. வெள்ளவத்தையிலிருந்து, நல்ல மரியாதையான குரல். செட்டின் பெயர், விலை, நாள் எல்லாம் சொல்ல நான் மூச்சை இழுத்துக்கொண்டிருக்கையில் அவர் சொன்னார்: "நகை இருக்கட்டும் அக்கா. அந்தத் தேங்காய்க்குக் கண் எழுதினவவின்ர நம்பரைத் தாங்கோ, என்ர மகளுக்கு மேக்கப் போட ஆள் தேடுறன்."

கடைசி விலை

விலையைப் படத்தின் கீழே எழுத வேண்டும் என்று சுகந்தி சொன்னபோது சண்டை பிடித்தேன். "எழுதிப் போட்டா நான் எதைப் பேசுறது?" என் கடையில் வியாபாரம் எப்படி என்றால், நான் ஒரு விலை சொல்வேன். வந்தவர் நெஞ்சில் கை வைப்பார். அவர் ஒரு விலை சொல்வார். நான் நெஞ்சில் கை வைப்பேன். நடுவில் எங்கேயோ சந்தித்து, இரண்டு பேரும் மற்றவரை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தோடு பிரிவோம். வெப்சைட்டில் நெஞ்சு எங்கே இருக்கிறது? சரி, ஆட்களை மினக்கெடுத்துவானேன் என்று, இழுபறிக்குப் பிறகு நான் எங்கே இறங்கி நிற்பேனோ அந்த விலையையே நேராகப் போட்டேன். இதைவிட நேர்மையாக ஒரு வியாபாரி நடக்க முடியாது.

அடுத்த நாளிலிருந்து போன் அடித்தது. எல்லோரும் விலையைப் படித்திருந்தார்கள், ஒருவரும் அதை நம்பவில்லை. என் அடி விலையைத் தலை விலையாக வைத்துக்கொண்டு அங்கிருந்து கீழே இறங்கத் தொடங்கினார்கள். ஒரு அம்மா கால் பங்கு குறைக்கச் சொன்னார். எனக்குக் கண் சிவந்துவிட்டது. "அம்மா, இதுதான் கடைசி. இதுக்குக் கீழ போனா நானே பூட்டிக்கிட்டு ஆட வேண்டியதுதான்!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டிலிருந்து றமீசா என்னவோ ஏதோவென்று ஓடி வந்தாள். போனில் இருந்தவர் அசையவில்லை. பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "கோவிக்காதேங்கோ. அது வெளியாக்களுக்குப் போட்ட விலை எல்லோ அக்கா. எங்களுக்கு எவ்வளவு?"

கோபத்தில் எழுதியது

வெப்சைட்டைப் பார்க்கிறவர்கள் நிறைய, எடுக்கிறவர்கள் இல்லை என்று சுகந்தி சொன்னாள். எடுத்த ஒரே ஒருவரும் நகையைத் திருப்பித் தரும்போது சண்டைக்கு வந்தார். இடது ஜிமிக்கியில் ஒரு கல் இல்லையாம், படத்தில் இருந்ததாம், காசில் பாதியைத் திருப்ப வேண்டுமாம். அவர் படியிறங்கிய கையோடு சுகந்தியிடம் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கினேன். இனி ஒருத்தி வாய் திறக்கக்கூடாது என்று, ஒவ்வொரு செட்டின் கீழும் அதன் குறையை எழுதினேன். "இடது ஜிமிக்கியில் ஒரு கல் போய்விட்டது. சபையிலிருந்து தெரியாது. மேடையில் ஏறி வந்து பார்க்கிறவர்களை இறக்கிவிடவும்." "இந்த ஒட்டியாணத்தின் கொக்கி இறுக்கம். பூட்ட இரண்டு பேர் வேண்டும், கழற்ற மூன்று பேர்." "இந்த ஜடைநாகம் பாரமானது. கழுத்து நோகும். அழகும் அதனால்தான்."

மறுநாள் சுகந்தி போன் எடுத்தாள். "அக்கா, இது கடையோ, பொலிஸில குடுத்த முறைப்பாடோ? நான் அழிக்கப் போறன்." அழி, எனக்கென்ன என்றேன். அவள் பிள்ளைக்குச் சோறு தீத்திவிட்டு வந்து அழிப்பதற்குள் ஓர் ஓர்டர் வந்திருந்தது. ஹெவ்லொக் டவுனில் நடன வகுப்பு வைத்திருக்கிற ஆசிரியை, கல் போன ஜிமிக்கி உட்பட நான்கு செட் எடுத்திருந்தார். ஒரு சதம் குறைக்கச் சொல்லவில்லை. எனக்கு அது நோய் போலப் பட்டது. ஏன் டீச்சர் பேரம் பேசாமல் எடுத்தீர்கள் என்று நானே போன் எடுத்துக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "எங்கட ஆக்கள் கலியாணம் பேசேக்கையே இவ்வளவு உண்மை சொல்லமாட்டினம். நீங்கள் ஜிமிக்கிக்குச் சொல்லியிருக்கிறீங்கள், அதுக்கு மேல நான் என்னத்தைப் பேச?"

பச்சைக்கல் செட்

எந்த நாளில் எந்த செட் போய்விட்டது, எது மிச்சம் என்று காட்டுகிற நாள்காட்டி ஒன்றைச் சுகந்தி வைத்தாள். போனில் ஒரே கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லிக் கத்துகிற வேலை எனக்கு மிச்சமாகும் என்பது அவள் கணக்கு. நடந்தது வேறு. ஒரு பள்ளிக்கூடக் கலைவிழாவுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தபோது பச்சைக்கல் செட் போய்விட்டதாகக் காட்டியது. அவ்வளவுதான். "ஆர் எடுத்தது?" "எந்த வகுப்புப் பிள்ளை?" "ஆரெண்டு சொல்ல வேண்டாம், பேர் எந்த எழுத்தில தொடங்குது எண்டு மட்டும் சொல்லுங்கோ." பரீட்சை முடிவைப் பார்ப்பது போல வெள்ளவத்தை அம்மாமார் என் நாள்காட்டியைத் திறந்து திறந்து பார்த்தார்கள். எனக்கு வாய் நிறைய வந்தது. அடக்கிக்கொண்டேன். வாடிக்கையாளரின் பெயர் வெளியே போனால் தொழில் அன்றோடு சரி.

அந்த விழாவுக்கு ஒரு தாய் சிவப்புக்கல் செட்டையும் ஊதாக்கல் செட்டையும் சேர்த்து எடுத்தார். பிள்ளை ஒன்றுதான், ஆட்டமும் ஒன்றுதான். தெரியாமல் பட்டனை இரண்டு தரம் அமத்திவிட்டார் போல, பாவம் என்று போன் எடுத்துக் கேட்டேன். ஏமாந்த காசு எனக்கு ஒட்டாது. அவர் குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும். "பிழை இல்லை அக்கா, தெரிஞ்சுதான் எடுத்தனான். ஒண்டு என்ர மகள் போடுறதுக்கு. மற்றது மேல் வீட்டுப் பிள்ளை போடாமல் இருக்கிறதுக்கு."

முகத்துவாரத்திலிருந்து வந்தவள்

அப்படியும் கணக்கு நட்டத்தில்தான் நின்றது. வெள்ளவத்தைக்கு அனுப்புகிற ஓட்டோக் கூலியே கிடைத்ததில் பாதியைத் தின்றது. ஒரு பின்னேரம் முகத்துவாரத்திலிருந்து ஒருத்தி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். மீன் வெட்டுகிற இடத்தில் வேலை. கையை நன்றாகக் கழுவிவிட்டு, எலுமிச்சங்காயும் தேய்த்துக்கொண்டு வந்திருந்தாள், வாசம் தெரிந்தது. "புள்ளையோட டீச்சர் போன்ல பாத்தோம் அக்கா. சலங்கை, நெத்திச்சுட்டி, ஜிமிக்கி, இது மட்டும் குடுப்பீங்களா?" செட் உடைப்பதில்லை என்று என் வழக்கமான குரலில் சொன்னேன். இனிப் பேரம் வரும் என்று காலை ஊன்றி நின்றேன். வரவில்லை. "சரிங்க அக்கா" என்று திரும்பினாள். அந்தப் பெண்பிள்ளை அழவுமில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, பொம்மைமேல் இருந்த தேங்காயை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

பேசுகிறவளை மடக்க எனக்குத் தெரியும். பேசாமல் போகிறவளை என்ன செய்வது? "ஏய், நில்லும்மா!" என்று சண்டைக்குக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டேன். மூன்று சாமானையும் எடுத்து வைத்து, வாயில் வந்த ஒரு விலையைச் சொன்னேன். உடனே எண்ணி வைத்தாள். எனக்கு மனது ஆறவில்லை. பதக்கத்தையும் எடுத்துப் பையில் போட்டு, இது சும்மா, கொண்டு போ என்றேன். அதை எடுத்து என் மேசையில் திரும்ப வைத்தாள். கோபமில்லை, ரோஷமுமில்லை. நல்லதொரு யோசனை சொல்வது போலச் சொன்னாள்: "கழுத்துக்குப் பூ கட்டிப் போட்டுக்குவோம் அக்கா. எல்லாத்தையும் பூட்டிவிட்டா ஆடுற புள்ளைய யாரு பாப்பாங்க, நகையத்தானே பாப்பாங்க."

கழற்றுகிற பட்டன்

அவள் போனதும் சுகந்திக்குப் போன் எடுத்தேன். செட்டை உடைத்துவிடு, ஒவ்வொரு சாமானுக்கும் தனி விலை போடு, வேண்டாததை அவர்களே கழற்றட்டும் என்றேன். "நல்ல யோசனை. ஆனால் இது முதல் பேசின வேலைக்குள்ள வராது அக்கா" என்றாள். அவளுக்கும் பேரம் தொற்றிவிட்டது. அவள் மகளின் அரங்கேற்றத்துக்கு, அது எந்தக் காலத்தில் வந்தாலும், நகை சும்மா தருவது என்று முடிவானது. பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. சுகந்தி செய்து தந்தது இதுதான்: தேங்காய்த் தலையோடு முழு செட்டும் படத்தில் நிற்கும். ஒட்டியாணத்தைத் தொட்டால் ஒட்டியாணம் மறையும், விலை இறங்கும். திரும்பத் தொட்டால் வந்து உட்காரும், விலை ஏறும். எல்லாம் சேர்ந்த விலையை, முன்பு கடையில் நான் முதலில் சொல்கிற விலைக்கே ஏற்றி வைத்தேன். குறைய வேண்டுமா? கழற்று. என்னோடு பேசாதே.

போன் அடங்கிப்போனது. எனக்குப் பயமாகிவிட்டது. ஆனால் ஓர்டர் வரத் தொடங்கியது. இரண்டு சாமான், மூன்று சாமான் என்று கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கமிருந்து இதுவரை என்னிடம் வராதவர்கள் நடந்தே வந்து எடுத்துப் போனார்கள், ஓட்டோச் செலவே இல்லை. வெள்ளவத்தைக்காரர்கள் முழு செட்டாகவே எடுத்தார்கள், அதுவும் ஏற்றி வைத்த விலைக்கு. எனக்குப் புரியவில்லை. காசு போட்ட ரசீதை அனுப்பிவிட்டுப் போன் எடுத்த ஒரு தாய்தான் விளங்கப்படுத்தினார்: "ஒட்டியாணத்தைக் கழட்டினன், மகள் அழுதவ. திரும்பப் பூட்டினன். ஜடையைக் கழட்டினன், மாமி ஏசினவ. கடைசியா முழுசாத்தான் எடுக்கிறன் அக்கா. ஆனால் இவர் கேட்டால், நான் நல்லாப் பேரம் பேசித்தான் எடுத்தனான் எண்டு சொல்லிவிடுங்கோ."

இரண்டு ஒட்டியாணம்

கனடாவிலிருந்து ஓர்டர் ஒன்று வந்தது. வெள்ளவத்தையில் அக்காவின் மகளுக்கு அரங்கேற்றம். சித்தி எடுக்கிறார். இருக்கிறதெல்லாம் எடுத்திருந்தார், கூடவே இரண்டு ஒட்டியாணம், மூன்று சோடி ஜிமிக்கி, றமீசாவின் மேக்கப். தேங்காயின் புண்ணியத்தில் மேக்கப்பும் வெப்சைட்டில் ஏறியிருந்தது. பிழையாக அமத்தியிருக்கிறார் என்று நினைத்துப் போன் எடுத்தேன். "ஒரு இடுப்புக்கு ரெண்டு ஒட்டியாணம் எதுக்கும்மா?"  தனக்கு அங்கே இன்னும் விசாப் பேப்பர் சரிவரவில்லை, வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது என்றார். பிள்ளையைக் கைக்குழந்தையாகப் பார்த்ததாம். "வரத்தான் ஏலாது, ஏதாவது கூடப் போகட்டும் எண்டு பட்டனை அமத்திக்கொண்டே இருந்திட்டன் அக்கா."

அவரிடம் மட்டும் எனக்கு வியாபாரம் பேச வரவில்லை. இரண்டாவது ஒட்டியாணத்தையும் மிச்ச ஜிமிக்கியையும் நானே கழற்றிவிட்டேன். அரங்கேற்றத்தன்று றமீசாவோடு நானும் வெள்ளவத்தைக்குப் போனேன். பிள்ளையைக் கதிரையில் இருத்தி, போனைக் கண்ணாடியில் சாய்த்து வைத்துச் சித்தியை வீடியோவில் கூப்பிட்டேன். றமீசா கண் எழுதினாள், நான் ஒவ்வொன்றாகப் பூட்டினேன்.  தாயும் மகளும் அழுது மையைக் கெடுக்கப் போகிறார்கள் என்று நான் அவர்களை அதட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்து பிள்ளை எழும்பி நின்றபோதுதான் போனுக்குள் இருந்து குரல் வந்தது: "நெத்திச்சுட்டி கொஞ்சம் இடப்பக்கம் சரிஞ்சிருக்கு, நேராக்கி விடுங்கோ அக்கா."

மொத்த விலை

நகை பூட்டும்போது வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பார்க்கலாம் என்று சுகந்தி அடுத்த நாளே வெப்சைட்டில் ஒரு வரி சேர்த்தாள், அதற்கொரு விலையோடு. லண்டன் மாமிமாரும் பிரான்ஸ் பெரியம்மாமாரும் வரிசையில் வந்தார்கள். அவர்கள் கழற்றுகிற பட்டனைத் தொடுவதே இல்லை. கலைவிழாக்கள் முடிந்தபோது வெப்சைட் அடுத்த வருஷத்துக்கான தன் கட்டணத்தைத் தானே கட்டியிருந்தது. ஓட்டோக் கூலி போய், றமீசாவின் பங்கு போய், என் கையிலும் நின்றது. பெரிய காசில்லை. ஆனால் வெள்ளவத்தைக் கடை கடைசிக் காலத்தில் தந்ததைவிடக் கூட.

சொன்ன காலத்தில் நாநா படியேறி வந்தார். தேத்தண்ணி வைத்துவிட்டு, முகத்தை இறுக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். வெப்சைட் கையில் காசு தந்துவிட்டது, கொடுத்த வாக்கு இனி என்னைக் கட்டாது; ஆனால் அதை நாநாவிடம் பேசித்தான் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். அவர் மொத்த விலைப் பேச்சை எடுக்கவில்லை. கையில் இருந்த பையை மேசையில் வைத்தார். "இது உங்கட செட்டாம் தங்கச்சி. வெள்ளவத்தையில இருக்கிற மருமகள் பேத்திட ஸ்கூல் கொன்சர்ட்டுக்குப் போன்லயே எடுத்திருக்கா. வார வழியில குடுக்கச் சொன்னா. நேத்தே குடுக்க இருந்த, நான் மறந்திட்டேன்." பையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரி. வாய் சும்மா இருக்கவில்லை. "ஒரு நாள் பிந்தியிருக்கு நாநா. அதுக்குத் தனிக் காசு. வெப்சைட்டில எழுதியிருக்கு." நாநா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். ஆறுதலாக, ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது போலக் கேட்டார்: "அது வெளியாக்களுக்குத்தானே தங்கச்சி. எனக்கு எவ்வளவு?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டிய இடம். சிரிப்புத்தான் வந்தது. பிறகு தேத்தண்ணி ஆறி, இன்னொரு தேத்தண்ணி வைத்து, அதுவும் ஆறும் வரை பேசினோம். அவர் நெஞ்சில் கை வைத்தார், நானும் வைத்தேன். மெயின் ஸ்ட்ரீட்டில் இருந்த காலம் முதல் இப்படி ஒரு நல்ல பேரம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு சதமும் நான் இறங்கவில்லை. அவர் எண்ணி வைத்துவிட்டு எழும்பினார். அலுமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார். "மொத்த விலைக் கதை என்ன நாநா?" என்று நானே கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அதுக்குத்தான் படியேறின தங்கச்சி. ஒரு நாள் பிந்தினதுக்கே இந்த விலையெண்டா, மொத்தத்தையும் கேட்டா நான் என்ட கடைய வித்துத்தான் உங்களுக்குத் தரணும்."

ஆகவே சகபாடிகளே, சின்ன வெப்சைட்டில் லாபம் பார்க்க வேறு வித்தை ஒன்றும் வேண்டாம், வாங்க வந்தவர் தன்னோடு தானே பேரம் பேசி முடிக்கும் வரை நாம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், அது எனக்கு இன்னும் வரவில்லை என்பதால்தான் என் போன் நம்பரைச் சுகந்தி பக்கத்தின் ஆகக் கீழே, தேடினாலும் கிடைக்காத அளவுச் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறாள்.